கேஸ் கீசர் பத்த மாட்டேங்குதா? கவர கழட்டுறதுக்கு முன்னாடி சத்தத்த கேளுங்க

போன ஜனவரியில ஒரு நாள் விடியக்காலை அஞ்சே முக்காலுக்கு கதவ தட்டுற சத்தம். எழும்பிப் பாத்தா கொழும்புல இருந்து வந்து தங்கியிருந்த அண்ணன் ஒருத்தர் துண்டோட நிக்கிறாரு, தலையில ஷாம்பு நுரை அப்படியே இருக்கு, பல்லு தந்தியடிக்குது, "தம்பி, உங்க கீசர் செத்துப்போச்சு"ங்குறாரு. நான் நுவரெலியாவுல ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் பாத்துக்கிறவன், ஆறு ரூமு, அதுக்கு மூணு கேஸ் கீசர், ஏப்ரல் சீசன்ல என் நிம்மதியே அந்த மூணு பெட்டிக்குள்ளதான் இருக்கு. போய்ப் பாத்தா கீசர் சாகவும் இல்ல ஒன்னும் இல்ல, டேப்ப தொறந்தா டக்டக்டக்னு பொறி போடுது, ஆனா பத்த மாட்டேங்குது. சிலிண்டர் ராத்திரி பூரா வெளிய ஈர சிமெந்துல நின்னிருக்கு, உள்ள கால்வாசிதான் கேஸ், பக்கத்துல புல்லு மேல வெள்ளையா பனி. சமையலறை சிலிண்டர தூக்கிட்டுப் போய் மாட்டினேன், பத்திருச்சு. அவரு நுரைய கழுவிட்டு வந்து பிளேன்டி குடிச்சாரு.

இந்த வேலைக்கு வந்த புதுசுல இதே மாதிரி ஒரு பிரச்சினைக்கு ஒரு பாஸ (ரிப்பேர் பாக்குற ஆள) கூப்பிட்டேன், வந்தவரு அஞ்சு நிமிசம் பாத்துட்டு "போர்டு போச்சு"ன்னு சொல்லி புது சர்க்கிட் போர்டு போட்டு காசு வாங்கிட்டுப் போயிட்டாரு, மூணு வாரத்துல மறுபடியும் அதே கதை. கடைசியில பாத்தா பெட்டரி வைக்கிற பெட்டியில பச்சைப் பூஞ்சணம் மாதிரி களிம்பு புடிச்சிருக்கு, அவ்வளவுதான் விசயம். அதுக்கப்புறம்தான் நானே உக்காந்து இத பழகினேன். எங்க அப்பா தேயிலைத் தோட்டத்து இஸ்டோருல, அதான் ஃபேக்டரியில, தூள் காய வைக்கிற மெசினுக்கு விறகு போட்டவரு, அவரு சொல்லுவாரு, அடுப்பு பத்தலன்னா ஒடனே ஊதாத, முதல்ல குனிஞ்சு பாருன்னு. கீசருக்கும் அதேதான், என்ன இதுல பாக்குறதவிட கேக்குறதுதான் அதிகம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு. கேஸ் வாடை அடிச்சா இந்த பதிவ மூடிட்டு முதல்ல சிலிண்டர மூடுங்க. லைட் சுவிச்ச போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், கதவு ஜன்னல தொறந்துட்டு எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க. எல்பி கேஸ் காத்தவிட கனம், மேல போகாது, தண்ணி மாதிரி தரையோட ஓடி பள்ளத்துல தேங்கும். நம்ம ஊர்ல வீடு எல்லாம் சரிவுலதானே இருக்கு, மேல் வீட்டுல லீக்கான கேஸ் கீழ இருக்கிற ரூமுக்குள்ள, சாக்கடைக் கானுக்குள்ள எறங்கி நிக்கும். லீக் எங்கன்னு பாக்க நெருப்புக்குச்சி கொளுத்துற ஆளுங்கள நான் என் கண்ணால பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேணாம், சவக்காரத் தண்ணிய கலக்கி ரெகுலேட்டர், டியூப், கிளிப் எல்லாத்துலயும் பூசுங்க, லீக் இருந்தா குமிழி குமிழியா வரும்.

சரி, கீசர் எப்படி பத்துதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. நீங்க சுடுதண்ணி டேப்ப தொறந்ததும் தண்ணி கீசருக்குள்ள ஓடுது, அந்த ஓட்டத்துல உள்ள இருக்கிற ஒரு ரப்பர் மெம்பிரேன் தள்ளப்படுது, அது ஒரு சின்ன கம்பிய தள்ளுது, கம்பி ஒரு சின்ன சுவிச்ச விடுவிக்குது, அப்பதான் போர்டுக்கு விசயம் தெரியும். போர்டு பெட்டரியில இருந்து கரண்ட் எடுத்து டக்டக்னு பொறி போடும், அதே நேரம் கேஸ் வால்வ தொறக்கும். நெருப்பு வந்ததும் பக்கத்துல நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு கம்பி, அதான் சென்சர், "ஆமா நெருப்பு இருக்கு"ன்னு போர்டுக்கு சொல்லும். சில செக்கனுக்குள்ள அப்படி சொல்லலன்னா போர்டு கேஸ பூட்டிரும். ஆக முதல்ல தண்ணி, அப்புறம் பெட்டரி, அப்புறம் கேஸ், கடைசியா சென்சர். இந்த வரிசையில எங்க நிக்குதுன்னு சத்தமே சொல்லிரும்.

டேப்ப தொறந்தும் ஒரு சத்தமும் இல்லையா, டக்டக் கூட இல்லையா, அப்ப கேஸ் பக்கமே போகாதீங்க, சிலிண்டர ஆட்டிப் பாக்குறது வீண் வேலை. பெட்டரியா தண்ணியா, ரெண்டுல ஒன்னுதான்.

பெட்டரி லேசு. பெரிய டோர்ச் பெட்டரி ரெண்டு போட்டிருப்பாங்க, அல்கலைன் வாங்குங்க, ரோட்டோரத்துல விக்கிற மலிவு பெட்டரி இந்தக் குளிருக்கு சீக்கிரமே படுத்துரும், குளிர்ல பெட்டரிக்கு பலம் கொறைவு, அதனாலதான் மத்தியானம் பத்துற கீசர் காலையில பத்தாது. ரெண்டையும் ஒன்னா மாத்துங்க, ஒன்னு பழசு ஒன்னு புதுசுன்னு போட்டா பழசு புதுசையும் சேத்து இழுத்துட்டுப் போகும். போடுறதுக்கு முன்னாடி அந்த ஸ்பிரிங்கயும் தகட்டயும் பாருங்க, பச்சையா வெள்ளையா ஏதாச்சும் இருந்தா சேண்ட் பேப்பரால தேச்சு காஞ்ச துணியால தொடைங்க. நான் பெட்டரி மாத்துன தேதிய ஒரு டேப்புல எழுதி மூடியில ஒட்டி வச்சிருவேன், இல்லாட்டி "இப்பதானே மாத்தினோம்"னு சொல்ற அந்த இப்ப எட்டு மாசத்துக்கு முன்னாடியா இருக்கும்.

தண்ணிதான் பெரிய கதை. மலைநாட்டுல தண்ணி எங்கிருந்து வருதுன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கதை இருக்கு. கூரைக்கு மேல டேங்க் வச்சவங்களுக்கு அழுத்தம் பத்தாது. டேங்க்குக்கும் கீசருக்கும் நடுவுல ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் அழுத்தம்தான் கெடைக்கும். லோ பிரசர்ல வேலை செய்யும்னு எழுதியிருக்கிற கீசருக்கே 0.2 பார் கிட்ட வேணும், அப்ப டேங்க் ஆகக் கொறைஞ்சது 2 மீட்டர் மேல இருக்கணும், பைப்புல நாலு எல்போ வளைஞ்சு வந்தா அதுவும் பத்தாது. லயன் காம்பராவுக்குப் பின்னால புதுசா பாத்ரூம் கட்டி, டேங்க்க கூரையோட கூரையா வச்சிட்டு, கீசர் வேலை செய்யலன்னு கம்பெனிய ஏசுறவங்க நிறைய பேரு, அங்க கீசர் மேல ஒரு குத்தமும் இல்ல.

இன்னொரு பக்கம், மேல மலையில ஊத்துல இருந்து கறுப்பு ஹோஸ் போட்டு பீலிக்கு தண்ணி இழுக்கிற இடங்கள்ல கதையே வேற. 50 மீட்டர் மேல இருந்து தண்ணி வந்தா அது 5 பார். அத நேரா கீசர்ல குடுத்தா மெம்பிரேன் கிழியலாம், கிழிஞ்சா அப்புறம் டேப்ப எவ்வளவு தொறந்தாலும் டக் சத்தம் வராது. அப்படி இருக்கிறவங்க நடுவுல ஒரு டேங்க் வச்சு அதுல எறக்கி, அங்கிருந்து கீசருக்கு எடுங்க.

அளந்து பாக்க மெசின் ஒன்னும் வேணாம். 5 லீட்டர் கேன் ஒன்ன சுடுதண்ணி டேப்புல வைங்க, போன்ல நேரம் பாருங்க. நிரம்ப 2 நிமிசத்துக்கு மேல போனா ஓட்டம் போதாது, பெரும்பாலான கீசர் அதுக்கு கீழ பத்தாது. அப்ப கீசருக்கு தண்ணி உள்ள போற இடத்துல நட்ட கழட்டுங்க (முதல்ல வால்வ மூடிட்டு, நான் ஒருக்கா மூடாம கழட்டி பூரா நனைஞ்சேன்), உள்ள ஒரு குட்டி வலை இருக்கும், மழைக்காலத்துல தண்ணி பிளேன்டி கலர்ல வரும் பாருங்க, அந்த மண்ணு, பாசி, இலைத்தூள் எல்லாம் அந்த வலையிலதான் அடைச்சிருக்கும். பழைய டூத் பிரசால கழுவிப் போடுங்க. சவர் தலையயும் கழட்டிப் பாருங்க, ஓட்டை அடைச்சிருந்தாலும் ஓட்டம் கொறையும். சவர கழட்டிட்டு வெறும் ஹோஸ்ல பத்துது, சவர மாட்டினா பத்தலன்னா பிரச்சினை சவர்லதான்.

வலையும் சுத்தம், தண்ணியும் நல்லா ஓடுது, பெட்டரியும் புதுசு, ஆனா இன்னும் சத்தமே இல்லன்னா மெம்பிரேன் கிழிஞ்சிருக்கணும் இல்லாட்டி அந்த கம்பியோ சுவிச்சோ இறுகியிருக்கணும். மெம்பிரேன் ஹார்ட்வெயார் கடையில கெடைக்கும், பழசக் கொண்டுபோய் அதே அளவு கேளுங்க. மாத்துறது கை பழக்கம் உள்ளவங்களுக்கு பெரிய வேலை இல்ல, ஆனா அந்த தண்ணி வால்வும் கேஸ் வால்வும் ஒட்டிப்பிறந்த ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும், தப்பான ஸ்குரூவ கழட்டினா கேஸ் பக்கம் தொறந்துரும். சந்தேகம் இருந்தா விட்டுருங்க, பாஸ கூப்பிடுங்க.

இப்ப டக்டக் சத்தம் வருது, நெருப்பு வரல. இது நம்ம பக்கம் ரொம்ப சகஜம், இங்க கேஸ்தான் பாக்கணும். சிலிண்டர் தொறந்திருக்கா, ரெகுலேட்டர் சரியா உக்காந்திருக்கா, டியூப் எங்கயும் மடங்கியிருக்கான்னு முதல்ல பாருங்க, சிரிக்காதீங்க, ரூம் சுத்தம் பண்ற அக்கா சிலிண்டர மூடிட்டுப் போனத கண்டுபிடிக்க நான் அரை மணித்தியாலம் கீசர முறைச்சுக்கிட்டு நின்னிருக்கேன். சில பேரு சிலிண்டர் தலையில மீட்டரோட ஒரு சேஃப்டி கருவி மாட்டியிருப்பாங்க, கேஸ் திடீர்னு வேகமா ஓடினா லீக்னு நினைச்சு அது பூட்டிக்கும், கீசர் பத்துற நேரம் அடுப்பவிட பல மடங்கு கேஸ் இழுக்கிறதால அது ஏமாந்து பூட்டுறதுண்டு, மேல இருக்கிற பொத்தான அமுக்கி விட்டா மறுபடி தொறக்கும். புது சிலிண்டர் மாட்டின ஒடனே பத்தலன்னா பயப்பட வேணாம், டியூப்ல இருக்கிற காத்து போகணும், டேப்ப மூடி மூடி நாலஞ்சு தடவை தொறங்க, ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல அரை நிமிசம் விட்டு. பக்கத்துல அதே சிலிண்டர்ல அடுப்பு இருந்தா அத முதல்ல பத்த வச்சுப் பாருங்க, அது நீலமா பத்துச்சுன்னா கேஸ் வருது.

குளிர்ல கேஸ் வராத கதைய கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா கொழும்புல கீசர் வித்தவனுக்கு இது தெரியாது. சிலிண்டருக்குள்ள இருக்கிறது தண்ணி மாதிரி திரவம், அது கொதிச்சு ஆவியாகிதான் டியூப்ல வருது. அதுல புரொப்பேன், பியூட்டேன்னு ரெண்டு இருக்கு, 2021 கடைசியில நாடு பூரா அடுப்பு வெடிச்ச நேரம் இந்த ரெண்டு பேரும் எல்லார் வாயிலயும் அடிபட்டுச்சே, அதேதான். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலயே கொதிக்கும், அதுக்கு நம்ம குளிரெல்லாம் ஒரு குளிரே இல்ல. பியூட்டேன் கொதிக்கிறது மைனஸ் 0.5ல, அதாவது நுவரெலியாவுல ஜனவரி பிப்ரவரியில புல்லுல பனி கட்டுற காலையில அதுக்கு எழும்பவே மனசு வராது, நம்மள மாதிரிதான். புரொப்பேன் முதல்ல பறந்துரும், சிலிண்டர் காலியாக ஆக அடியில மிஞ்சுறது பெரும்பாலும் பியூட்டேன். அதனாலதான் கால்வாசி சிலிண்டர் ஆட்டினா சளக்குன்னு சத்தம் கேக்குது, ஆனா கீசருக்கு கேஸ் வராது. ஏமாத்திட்டாங்கன்னு கேஸ் கடையில போய் சண்டை போட வேணாம்.

இதுல இன்னொரு விசயமும் இருக்கு. 6 லீட்டர் கீசர் (அதாவது நிமிசத்துக்கு 6 லீட்டர்) ஒன்னு 12 கிலோவாட் கிட்ட இழுக்கும், அடுப்பு பர்னர் ஒன்னு 2 இல்ல 3. கிலோ கேஸ்ல 12.8 கிலோவாட் மணி சக்தி இருக்கு, அப்ப கீசர் தொடர்ந்து எரிஞ்சா மணித்தியாலத்துக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ். 12.5 கிலோ சிலிண்டருக்கு சுமார் 13 மணித்தியாலம், பத்து நிமிச குளியல்னு பாத்தா எழுபத்தஞ்சு எண்பது குளியல் வரும். அவ்வளவு வேகமா ஆவியாகும்போது சிலிண்டரே இன்னும் குளிரும், வெளிய வேர்த்து சில நேரம் வெள்ளையா பூத்துரும். 5 கிலோ சின்ன சிலிண்டர் இந்த வேகத்துக்கு ஈடுகுடுக்காது, முதல் ஆளு குளிச்சு முடிக்கும்போது ரெண்டாவது ஆளுக்கு அணையும்.

இதுக்கு நம்ம ஆளுங்க பண்ற வைத்தியம் சிலிண்டருக்கு சாக்கோ கம்பளியோ போத்துறது. எங்க வீட்டுலயே பண்ணினாங்க. கம்பளி நமக்கு சூடு குடுக்குதுன்னா நம்ம உடம்புல சூடு இருக்கு, அத பிடிச்சு வைக்குது. சிலிண்டருக்கு சொந்தமா ஏது சூடு, அது வெளிய காத்துல இருந்துதான் சூட்ட எடுத்து கேஸாக்குது, போத்தினா அந்த வழியையும் அடைக்கிறீங்க. அதவிட, ஈர சிமெந்துல வைக்காம ஒரு பலகை மேல நிமிர்த்தி வைங்க, காலை வெயில் படுற பக்கமா இருந்தா நல்லது, பனிக்காலத்துல கால்வாசிக்கு கொறைஞ்ச சிலிண்டர அடுப்புக்கு மாத்திட்டு நிறைஞ்சத கீசருக்கு குடுங்க, மிச்ச கேஸ அடுப்பு மெதுவா உறிஞ்சி முடிச்சிரும். கொதிதண்ணி ஊத்துறது, பக்கத்துல கணப்பு வைக்கிறது, சிலிண்டர படுக்கப் போடுறது இந்த மூணையும் யாரு சொன்னாலும் கேக்காதீங்க. ரெகுலேட்டரும் சாதா வீட்டு ரெகுலேட்டராத்தான் இருக்கணும், கல்யாண வீட்டு பெரிய அடுப்புக்கு போடுற ஹை பிரசர் ரெகுலேட்டர கீசருக்கு மாட்டி உள்ள வால்வ கெடுத்தவங்களும் இருக்காங்க.

கேஸ் வருது, ஆனா பத்தலன்னா பொறி போடுற கம்பிய பாக்கணும். சிலிண்டர மூடி பெட்டரிய எடுத்துட்டு கவர கழட்டுங்க. கம்பி நுனிக்கும் பர்னருக்கும் நடுவுல 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும், கரி புடிச்சிருந்தா மெல்லிசா தேச்சு விடுங்க, வெள்ளைப் பீங்கான்ல கீறல் இருந்தா பொறி வேற பக்கம் பாயும், அத மாத்தத்தான் வேணும். பர்னருக்கு கீழ காத்து உள்ள போற ஓட்டைகள டோர்ச் அடிச்சுப் பாருங்க, அந்த ஓட்டை மேல சிலந்திக்கு என்ன ஆசையோ தெரியல, வருசத்துக்கு ஒருக்கா நான் சிலந்தி வீட்ட காலி பண்ணிக்கிட்டு இருக்கேன்.

பத்தும், ரெண்டு மூணு செக்கன்ல அணையும். இது சென்சர் பிரச்சினை. நெருப்புக்குள்ள கரண்ட் கொஞ்சம் ஓடும், ரொம்ப ரொம்பக் கொஞ்சம், அந்த சென்சர் கம்பி அத வச்சுத்தான் நெருப்பு இருக்குன்னு கண்டுபிடிக்குது, அது மேல கரியோ துருவோ படிஞ்சா நெருப்பு இருந்தும் இல்லன்னு சொல்லிரும், போர்டும் நம்பி பூட்டிரும். சேண்ட் பேப்பரால நாலு தடவை மெதுவா இழுத்து, வயர் கழண்டிருக்கான்னு பாத்து மாட்டுங்க, பெரும்பாலும் சரியாகும்.

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை. டொரண்டோவுல இருக்கிற சித்தி மகன் ஒரு நாள் ராத்திரி வாட்ஸ்அப்புல வீடியோ கால் எடுக்கிறான், வெளிய மைனஸ் 20, வீட்டு ஃபர்னஸ் பத்த மாட்டேங்குதாம், டெக்னீசியன் நாளைக்குத்தான் வருவாராம். எனக்கு ஃபர்னஸ்னா இஸ்டோருல அப்பா விறகு போட்டதுதான் தெரியும், ஆனா அவன் போன அந்தப் பெட்டிக்குள்ள காட்டினதும் பாத்தா நம்ம கீசரோட பெரியப்பா மாதிரி இருக்கு. தண்ணிக்குப் பதிலா தெர்மோஸ்டாட் கேக்கும், கேட்டதும் புகைய வெளிய தள்ளுற ஃபேன் சுத்தும், அது சுத்துதான்னு ஒரு பிரசர் சுவிச் பாக்கும், அப்புறம் இக்னைட்டர் சிவப்பா பழுக்கும், கேஸ் தொறக்கும், சென்சர் நெருப்ப பாக்கும். அவனோடது பத்திப் பத்தி அணைஞ்சுது, நாலஞ்சு தடவை பாத்துட்டு பூட்டிக்கிச்சு, உள்ள ஒரு லைட் சிமிட்டுது, எத்தன தடவை சிமிட்டினா என்ன குத்தம்னு கதவுக்குப் பின்னாலயே ஒட்டியிருந்துச்சு. முதல்ல காத்து ஃபில்டர பாக்கச் சொன்னேன், கம்பளி மாதிரி தூசி, மாத்தினான். வெளிய புகை போற பைப்ப பனி மூடியிருக்கான்னு பாத்தான், இல்ல. அப்புறம் மெயின் சுவிச்ச அணைச்சு, கேஸ மூடி, சென்சர கழட்டி தேச்சு மாட்டினான், பத்திருச்சு. நுவரெலியாவுல கம்பளிக்குள்ள உக்காந்துகிட்டு டொரண்டோவுல அடுப்பு பத்த வச்ச ஒரே ஆளு நான்தான்னு எங்க அம்மா இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க.

திரும்ப நம்ம கீசருக்கு வருவோம். கொஞ்ச நேரம் நல்லா எரிஞ்சு அப்புறம் அணைஞ்சா சென்சர சந்தேகப்படாதீங்க. நிறைய மாடல்ல 20 நிமிசத்துல தானா அணையுற டைமர் இருக்கு, டேப்ப மூடித் தொறந்தா மறுபடி பத்தும். இல்லாட்டி சிலிண்டர் குளிர்ந்திருக்கும். இல்லாட்டி நீங்க பச்சைத்தண்ணிய அதிகமா கலந்திருப்பீங்க, மிக்சர்ல பச்சைத்தண்ணி வேகமா வந்தா சுடுதண்ணி ஓட்டம் நசுங்கி, மெம்பிரேன் திரும்பி, கீசர் அணையும். சுடுதண்ணிய முழுசா தொறந்து பத்த வச்சிட்டு பச்சைத்தண்ணிய சொட்டுச் சொட்டா சேருங்க.

"பத்துது ஆனா சூடு பத்தல"ன்னு வர்ற முறைப்பாடு வேற. ஜனவரி காலையில குழாய்த் தண்ணி 10 டிகிரி கிட்ட இருக்கும், 6 லீட்டர் கீசர் நிமிசத்துக்கு 6 லீட்டர் ஓடினா அத 24, 25 டிகிரிதான் ஏத்தும், அப்ப வெளிய வர்றது 34, 35. கொழும்புல 27 டிகிரி தண்ணிய வச்சுப் பழகினவங்களுக்கு இது வெதுவெதுப்புதான். கீசர்ல தண்ணிக் குமிழ திருப்பி ஓட்டத்த கொறைச்சா சூடு ஏறும், ஆனா ரொம்ப கொறைச்சா முதல்ல சொன்ன அந்த ஓட்டக் கணக்குல மாட்டி அணைஞ்சுரும், 4 லீட்டர் பக்கமா ஒரு எடம் இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா திருப்பி கண்டுபிடிங்க, கண்டுபிடிச்சதும் மார்க்கர் பேனையால ஒரு கோடு போட்டு வைங்க. கோடை குளிர்காலம்னு இன்னொரு குமிழ் இருக்கும், நம்ம ஊர்ல அத கோடைக்கு திருப்ப வேண்டிய தேவை எனக்கு இதுவரைக்கும் வரல. புதுசா வாங்குறவங்க 10 லீட்டர் பாருங்க, கேஸ் செலவு கூடத்தான்.

டேப்ப தொறந்து கொஞ்ச நேரம் டக்டக், அப்புறம் "பொம்"னு ஒரு சத்தத்தோட பத்துதா? அன்னைக்கே நிப்பாட்டுங்க. கேஸ் முதல்ல சேந்துட்டு பொறி லேட்டா வருதுன்னு அர்த்தம், பெட்டரி செத்துக்கிட்டு இருக்கலாம், கம்பி தள்ளிப் போயிருக்கலாம், பர்னர் அடைச்சிருக்கலாம். "அது அப்படித்தான் பத்தும்"னு பழகிக்கிட்ட வீட்டுலதான் ஒரு நாள் முன்னால நிக்கிறவங்க புருவம் கருகும்.

கடைசி விசயம் பத்தாத கீசர் பத்தி இல்ல, நல்லா பத்துற கீசர் பத்தி. குளிருக்குப் பயந்து பாத்ரூமுக்குள்ளயே கீசர மாட்டி, ஜன்னலுக்கு பேப்பர் ஒட்டி, கதவுக்கடியில துணிய அடைச்சு குளிக்கிறவங்க நம்ம பக்கம் இருக்காங்க. மூடின எடத்துல காத்து கொறைய கொறைய நெருப்பு கார்பன் மொனொக்சைட் விடும், அதுக்கு வாடையே இல்ல, சிலிண்டர் கேஸுக்கு நாத்தம் சேத்திருக்கிற மாதிரி இதுக்கு யாரும் சேக்கல. தலைவலி, குமட்டல், கால் தளர்றது, அவ்வளவுதான் அறிகுறி, அதுக்குள்ள கதவ தொறக்க தெம்பு இருக்காது. 1868 மீட்டர் உயரத்துல நமக்கு காத்தே கடற்கரையவிட அஞ்சுல ஒரு பங்கு கொறைவு, அதுலயும் அடைச்சு வச்சா என்ன ஆகும். சில புது மாடல்ல காத்து கொறைஞ்சா தானா அணையுற சென்சர் இருக்கு. அப்படி அணையுற கீசர பத்தலன்னு கொண்டுவந்து, அந்த வயர ஒன்னா முறுக்கி விடச் சொல்லி கேக்குறவங்க இருக்காங்க, முறுக்கிக் குடுக்கிற ஆளுங்களும் இருக்காங்க. அது பத்தாததுக்கு ஒரு காரணம் இருக்கு, அத ஏமாத்தினா ஏமாறுறது குளிக்கிற ஆளுதான். கீசர் வெளிச் சுவர்ல மழை படாம ஒரு தகரத்துக்கு கீழ இருக்கட்டும், உள்ள பைப்பு மட்டும் வரட்டும். வெளிய வைக்கவே முடியாதுன்னா புகை பைப்ப சுவர் தாண்டி வெளிய விட்டு, ஒரு காத்தோட்டத் துவாரம் மூடாம வைங்க. நெருப்பு நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சாலும், கவருக்கு மேல கரி படிஞ்சாலும் பர்னர் சுத்தம் பண்ணாம பாவிக்க வேணாம். யாராச்சும் உள்ள போய் சத்தமே இல்லன்னா கதவ ஒடைங்க, வெளிய காத்துக்கு தூக்கிட்டு வந்து 1990க்கு அடிங்க, ஆம்புலன்ஸ் இலவசம்.

இவ்வளவும் பாத்தும் பத்தலன்னா பாஸுக்கு போன் பண்ணுங்க, பண்ணும்போது "கீசர் வேலை செய்யல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. டக் சத்தம் வருதா, பத்தி அணையுதா, பெட்டரி எப்ப மாத்தினது, 5 லீட்டர் கேன் எத்தன நிமிசத்துல நிரம்புது, அடுப்பு பத்துதா, இத மட்டும் சொல்லுங்க. ஹட்டன்ல இருந்து பஸ் ஏறி வர்ற மனுசன் சரியான சாமானோட வருவாரு, போர்டு போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிப்பாரு.